காற்று மறைவு

போன தை மாதம் ஒரு சைக்கிள் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பந்தயம். தூரம் 30 கிலோமீட்டர். கலந்துகொண்டவர்கள் பதினொரு பேர். எனக்கு வயது 61. இதில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை என்பது தெரியும். பதினொரு பேரில் மூன்றாவது என்பது, நம் பத்திரிகைகளில் கவிதை வெளிவருவதைப் போல, சம்பந்தப்பட்டவர்களைத் தவிர யாருக்கும் தெரியாமல் நடந்து முடிகிற காரியம். நான் எழுத வந்தது வந்த இடத்தைப் பற்றி அல்ல. வந்த விதத்தைப் பற்றி.

பந்தயத்துக்கு முந்தின இரவு கூடத்தில் உட்கார்ந்து சட்டையில் எண் அட்டையை ஊக்கு வைத்துக் குத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். "யாரோடங்க போட்டி?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "என்னோட நானேதான்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு எதுக்குங்க ஐநூறு ரூபா கட்டணும்?" என்றாள்.

அந்தப் பதில் என்னுடையது அல்ல. வயதான பிறகு ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், சைக்கிள் விடுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற பதில். அடக்கமாகவும் இருக்கிறது, தத்துவம் போலவும் தொனிக்கிறது. கேட்டவர் மேற்கொண்டு கேட்க முடியாது. அப்படிப்பட்ட பதில்களைப் பற்றி நமக்கு எப்போதும் சந்தேகம் இருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை.

நான் வளர்ந்தது அம்பத்தூர். சைக்கிளைத் தவிர்த்துவிட்டு அங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை எங்கள் ஊரில்தான் வந்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று நாடு முழுக்கப் போன வண்டிகள் எங்களுக்கு உள்ளூர்ச் சரக்கு. டயருக்கு டன்லப். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியர் ஒருவர் தன் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்லில் குதிக்காமல் ஓட வேண்டும் என்பதற்காகக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். அவர் பெயர் எழுபது எண்பது வருடம் கழித்து அம்பத்தூரில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தது. தொழிற்சாலை மூடிவிட்டது. கண்டக்டர்கள் அந்தப் பெயரைச் சொல்வது நிற்கவில்லை.

அந்தக் காலத்தில் பையன்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது வாடகைக் கடையில்தான். கால் எட்டாததால் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போடுவோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஐந்து நிமிடம் தாண்டினால் கடைக்காரர் ஒரு மணிக்கான காசு கேட்பார். நேரத்துக்கு எதிராக மிதிப்பது என்பதை நான் அங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். அப்போது அதற்குப் பெயர் விளையாட்டு அல்ல, பயம்.

எண்பதுகளின் நடுவில் எஸ்டேட்டில் ஒரு சிறிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சேர்ந்தேன். கடைசலிலிருந்து வரும் உருப்படிகளை மைக்ரோமீட்டரில் அளந்து தேறியது ஒரு பெட்டியிலும் தேறாதது இன்னொரு பெட்டியிலும் போடுகிற வேலை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடிவிட்டால் பெட்டி மாறிவிடும். முப்பத்துச் சொச்சம் வருடம் இதைச் செய்தேன். ஷிப்டு முடிந்து கேட்டுகள் திறக்கும்போது எஸ்டேட் சாலைகளில் சைக்கிள்கள் வெள்ளம் போல வரும். மணிகளின் சத்தத்தில் பேச்சு கேட்காது. பிறகு மொபெட் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது. ஒரு கட்டத்தில் சைக்கிளில் வருகிறவர் என்றால் இன்னும் கடன் கிடைக்காதவர் என்று அர்த்தமாயிற்று. நானும் 1994இல் மொபெட்டுக்கு மாறினேன். என் பழைய வண்டியைப் பால்காரருக்குக் கொடுத்தேன். அதைப் பற்றி அப்போது ஒரு கவிதை எழுதினேன். நல்ல கவிதை அல்ல.

58 வயதில் ஓய்வு பெற்றேன். மகன் வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது தன் கியர் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே விட்டுப் போனான். ஹேண்டில்பார் ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி வளைந்தது. எடை ஒன்பது கிலோ. ஒரு நாள் தூசி தட்டப் போனவன் ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவுதான் ஆரம்பம். உடல்நலத்துக்காக என்று சொன்னால் மற்றவர்களுக்குச் சௌகரியமாக இருக்கிறது என்பதால் அப்படிச் சொல்லிவந்தேன். டாக்டர், டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது இதயத் துடிப்பின் உச்சம், அது தோராயமான கணக்குத்தான், ஆனாலும் அதன் பக்கம் போகாதீர்கள் என்றார். எனக்கு இப்போது 159 வருகிறது. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் ஒன்று குறைகிறது. அளவுகளோடு வாழ்ந்தவனுக்கு இப்படி ஓர் எண்ணைக் கையில் கட்டிக்கொண்டு அலைவது ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது.

விடியற்காலை நான்கே முக்காலுக்குக் கிளம்பினால் ஊர் வேறு ஊராக இருக்கும். ஓ.டி.யிலிருந்து சி.டி.எச். ரோட்டைப் பிடித்துத் திருமுல்லைவாயல், ஆவடி. அங்கே இடது பக்கம் திரும்பினால் பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி. பகலில் லாரிகளுக்கு நடுவே பிழைத்து வருவதே காரியமாக இருக்கும் இந்தச் சாலைகள் அந்த நேரத்தில் நாய்களுக்கும் பால் வண்டிகளுக்கும் சொந்தம். ஆவடியில் 1955இல் காங்கிரஸ் கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. பத்து வருடம் கழித்து 1965இல் அதே ஊரிலிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. இரண்டில் எது நிலைத்தது என்று யோசித்துக்கொண்டே அந்த நீண்ட மதில் சுவர்களை ஒட்டிப் போவேன். பூந்தமல்லியிலிருந்து திருக்கச்சி நம்பி தினம் பூ எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் நடந்து போய் வரதருக்குச் சாத்தினார் என்பார்கள். கதையாகவே இருக்கட்டும். அந்தச் சாலையில் யாருக்கு முன்னால் போக வேண்டும் என்ற நினைப்பில்லாமல் போன ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய்த் திரும்புவது வழக்கம். நிறைந்தால் 24 அடி நிற்கிற ஏரி. 2015 டிசம்பரில் அதன் மதகுகளைத் திறந்தபோது நடந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கவில்லை. அந்தத் தண்ணீர்ப் பரப்பைத் தாண்டி வரும் காற்றுக்குக் குறுக்கே வீடு கிடையாது, மரம் கிடையாது. அங்கேதான் எனக்குக் காற்றைப் பற்றிய பாடம் கிடைத்தது.

ஐந்தாறு இளைஞர்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். ஒரே வரிசையில், முன் வண்டியின் பின் சக்கரத்துக்கும் பின் வண்டியின் முன் சக்கரத்துக்கும் ஒரு முழ இடைவெளி விட்டு, எதிர்காற்றில் என்னைக் கடந்தார்கள். கடைசியில் போனவன் திரும்பிப் பார்த்து, "அங்கிள், பின்னாடி ஒட்டிக்கோங்க" என்றான். ஒட்டிக்கொண்டேன். உடனே சத்தம் நின்றது. அதுவரை காதில் இரைந்துகொண்டிருந்த காற்று எங்கோ மேலே போய்விட்டது. கால்களுக்கு ஏதோ கடன் தள்ளுபடியான மாதிரி இருந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் செலவழிப்பதில் பெரும்பங்கு காற்றை விலக்குவதற்கே போகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் நெருங்கிப் போனால் சுமார் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இந்தக் கணக்கின் மீதுதான் சாலைப் பந்தயம் என்ற முழு விளையாட்டும் நிற்கிறது. பலசாலி ஜெயிக்கும் விளையாட்டு அல்ல இது. தன் பலத்தை யார் கடைசிவரை செலவழிக்காமல் வைத்திருக்கிறானோ அவன் ஜெயிக்கும் விளையாட்டு. ஆனால் எல்லோரும் பின்னால் இருக்க முடியாது. யாராவது ஒருவன் முன்னால் போய்க் காற்றை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே எழுதப்படாத ஒரு முறை இருக்கிறது. முன்னால் போகிறவன் கொஞ்ச நேரம் கழித்து முழங்கையை லேசாக ஆட்டிவிட்டு ஒதுங்குவான். பின்னால் இருப்பவன் முன்னுக்கு வந்து தன் பங்குக் காற்றை வாங்குவான். வராவிட்டால் தண்டனை கிடையாது. நடுவர் எதுவும் சொல்ல மாட்டார். மற்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பந்தயம் இல்லாமலும் சைக்கிளில் வெகுதூரம் போக ஓர் ஏற்பாடு உண்டு. பிரான்ஸிலிருந்து வந்தது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்தவர்களின் பட்டியல் போடுவார்கள். முதலாவது, கடைசி என்று வரிசை கிடையாது. போன வருடத்துக்கு முந்தின வருடம் நான் அதில் ஒன்றை முடித்தேன். பதின்மூன்று மணி பத்து நிமிடம் ஆயிற்று. வழியில் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்கள், டியூப் மாற்ற உதவினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தும் வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஏதோ ஒன்று நடக்கவில்லை என்று தோன்றியது. அது என்ன என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ளப் பல மாதங்கள் ஆயின. யாரும் எனக்குப் பின்னால் வரவில்லை.

ரோபேர் மர்ஷான் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1911இல் பிறந்தவர். உயரம் ஐந்தடி. உனக்குச் சைக்கிள் பந்தயம் சரிப்படாது என்று இளமையில் திருப்பி அனுப்பப்பட்டவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகு மறுபடி ஆரம்பித்தார். 2012இல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். 102 வயதில் அது 26.927 கிலோமீட்டர் ஆயிற்று. 2017 ஜனவரியில், 105 வயதில், 22.547 கிலோமீட்டர். அந்த வயதில் ஓட்டியவர் வேறு யாரும் இல்லாததால் அவருக்கென்றே ஒரு பிரிவை உண்டாக்கினார்கள். எதிராளியே இல்லாத பந்தயம். தன்னோடு தானே போட்டி என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. அவரோ இறங்கியதும், இன்னும் பத்து நிமிடம் என்று காட்டிய அட்டையைத் தான் கவனிக்கவில்லை, கவனித்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன் என்று சொல்லி வருத்தப்பட்டார். 2021இல், 109 வயதில் காலமானார். ஞானி என்று அவரை எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த அட்டையைத் தவறவிட்ட வருத்தம்தான் பிடித்திருக்கிறது.

பந்தயம் வெளிவட்டச் சாலையில். வண்டலூரிலிருந்து மீஞ்சூர்வரை போகும் சாலை அது. நெமிலிச்சேரிக்குப் பக்கத்தில் கோடு போட்டிருந்தார்கள். அங்கிருந்து தெற்கே பூந்தமல்லி திசையில் ஏழரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். மறுபடி அதே மாதிரி போய்த் திரும்பினால் கோட்டில் முடியும். தை மாதக் காற்று வடகிழக்கிலிருந்து. போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். கடைசி ஏழரைக் கிலோமீட்டர் எதிர்காற்று என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே பதினொரு பேரும் முதல் இருபது கிலோமீட்டருக்கு ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டு, ஏதோ துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி, பேசாமல் போனோம்.

இரண்டாவது தடவை தெற்கு முனையில் திரும்பியபோது இரண்டு பேர் பிய்த்துக்கொண்டு போனார்கள். அவர்கள் ஐம்பதைத் தொட்டவர்கள். எங்களுக்குப் பையன்கள். அவர்களைப் பிடிக்க முடியாது. மூன்றாவது இடம் ஒன்றுதான் பாக்கி. அதை நோக்கி நானும் 47ஆம் எண் குத்தியிருந்தவரும் கிளம்பினோம். மற்றவர்கள் இருநூறு மீட்டர் பின்தங்கினார்கள்.

47 ஆவடிக்காரர். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று கோட்டருகே நின்றபோது சொல்லியிருந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர். இரும்புச் சட்டம் போட்ட பழைய வண்டி, அவரே பெயிண்ட் அடித்தது. என் வண்டியைவிட மூன்று கிலோவாவது கூடுதல் இருக்கும். அவர் முன்னால் போனார். நான் பின்னால் ஒட்டிக்கொண்டேன். ஒரு கிலோமீட்டர் கழித்து முழங்கையை ஆட்டினார். நான் போகவில்லை. திரும்பிப் பார்த்து, "மாத்திக்கலாமா சார்?" என்றார். "முடியல சார், கொஞ்சம் பொறுத்து வரேன்" என்றேன்.

அந்த முதல் தடவை சொன்னது பாதி உண்மை. இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். 141. என் உச்சத்துக்குப் பதினெட்டுக் குறைவு. மூச்சு சீராக இருந்தது. கால்களில் தெம்பு இருந்தது. "முடியல சார்" என்றேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். அவர் முதுகில் எண் அட்டையின் ஒரு மூலை ஊக்கிலிருந்து பிய்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நாலரைக் கிலோமீட்டர் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் தோள்கள் ஆடத் தொடங்கியதைப் பார்த்தேன். களைத்தவன் தோளால் மிதிப்பான். அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்டது இரக்கம் என்று எழுதத்தான் ஆசை. ஏற்பட்டது சந்தோஷம். இவ்வளவு சுத்தமான சந்தோஷம் எனக்கு வெகுநாட்களாக வந்ததில்லை.

கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது வலது பக்கம் வெளியே வந்தேன். காற்று முகத்தில் அறைந்தது. எழுந்து நின்று மிதித்தேன். கடிகாரம் 166 காட்டியது என்று பிறகு பார்த்தேன். டாக்டரின் கணக்கு பொய்த்துப்போன இடத்தில் அரைச் சக்கர வித்தியாசத்தில் அவரைத் தாண்டினேன்.

கொஞ்ச நேரம் ஓரமாகக் கிடந்த கல்லில் உட்கார்ந்திருந்தேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். "நல்லா வந்தீங்க சார்" என்றார்.

பதக்கத்தை என் மனைவி காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே மாட்டினாள். தேதி கிழிக்கும்போதெல்லாம் அது சுவரில் இடித்துச் சத்தம் போட்டது.

நான் விதியை மீறவில்லை. உலகத்தின் பெரிய பந்தயங்களில் தினமும் இதைத்தான் செய்கிறார்கள். செய்கிறவனைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். இந்தச் சமாதானம் எனக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. பிறகு ஒரு நாள் இரவு, அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

நான் எழுத ஆரம்பித்த நாட்களில் எனக்கு மூத்த நண்பர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். இதைப் படிக்கிற இருநூறு பேரில் பாதிப்பேர் ஊகித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொரட்டூரில் அவர் வீட்டுக்குப் போவேன். அவர் தன் சம்பளத்தில் வாங்கிய புத்தகங்களை நான் படித்தேன். அவர் மொழிபெயர்த்துக் கையெழுத்தில் வைத்திருந்த கவிதைகளிலிருந்து என் வரிகளுக்கு மூச்சு விடக் கற்றுக்கொண்டேன். பத்திரிகை நடத்துவதில் இருந்த கடன், பேப்பர் கடைக்காரரின் ஏச்சு, ஒருவர் மற்றவர் மேல் கொண்ட விரோதம், எல்லாவற்றையும் அவர் முன்னால் நின்று வாங்கிக்கொண்டார். எனக்கு ஒன்றும் படவில்லை. ஏழெட்டு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு அவருடைய தொகுப்பு வெளிவந்தது. நான் விமர்சனம் எழுதினேன். அவர் காலத்தின் களைப்பு அந்தக் கவிதைகளில் தெரிகிறது என்று எழுதினேன். அது சரியான விமர்சனம்தான். இன்றைக்கும் ஒரு வரியை மாற்ற மாட்டேன். அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் என் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு போனபோது அவர் காப்பி கொடுத்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்றார். அவர் தோள்கள் ஆடியதை நான்தான் பக்கத்திலிருந்து பார்த்தவன். அதனால்தான் அவ்வளவு சரியாக எழுத முடிந்தது.

அவர் இப்போது இல்லை. அவருக்கு முன்னால் போய் நான் ஒரு கிலோமீட்டர்கூடக் காற்று வாங்கியதில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை 47ஐத் தேடிக்கொண்டு போனேன் என்று சொன்னால் நாடகமாக இருக்கும். அவர் எந்தப் பக்கம் வண்டி விடுவார் என்று தெரியும், நானும் அந்தப் பக்கம் போனேன். மூன்றாவது நாள், இந்துக் கல்லூரி ஸ்டேஷன் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். நானும் டீ சொன்னேன். வண்டியைப் பற்றிப் பேசினோம். பின் சக்கரத்தில் ஸ்போக்ஸ் அடிக்கடி அறுந்துபோகிறது என்றார். ரிம்மில் கோட்டம் இருக்கும் என்றேன். டீ முடிந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அன்னைக்கு நான் முன்னாடி வரலை சார். முடியாம இல்லை."

"தெரியும் சார்" என்றார். "உங்க மூச்சு எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. முடியாதவன் மூச்சு அப்படி இருக்காது."

"அப்புறம் ஏன் நிக்காம இழுத்துக்கிட்டே போனீங்க?"

அவர் கிளாஸை வைத்தார். கேள்வியே அவருக்குப் புரியாத மாதிரி என்னைப் பார்த்தார். "நான் நிறுத்தினா பின்னாடி வந்தவங்க புடிச்சிருப்பாங்க சார். அதுல ரெண்டு பேரு நல்லா ஸ்பிரிண்ட் அடிப்பாங்க. எனக்கு நாலாவதும் போயிருக்கும், உங்களுக்கு மூணாவதும் போயிருக்கும். போன வருஷம் நான் ஏழாவது சார்."

நான் பெரிதாக வைத்திருந்த ஒரு குற்றம் அவர் கணக்கில் இவ்வளவுதான். அவர் மன்னிக்கவில்லை. மன்னிப்பதற்கு அவரிடம் எதுவும் இருக்கவில்லை. அவர் தன் பந்தயத்தைத் தெளிவாக ஓட்டி, தனக்குக் கிடைக்கக்கூடியதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான்தான் என்னுடையதை இரண்டு முறை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று இரண்டு பேருமாகத் திருநின்றவூர் வரை போனோம். காற்று அதிகம் இல்லை. இருந்தும் நான் முன்னால் போனேன். அவர் முழங்கையை ஆட்டச் சொல்லிப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். நான் ஆட்டவில்லை. பட்டாபிராம் தாண்டி, நெமிலிச்சேரி தாண்டி, நானே போனேன். தொடைகள் எரிந்தன. எரிவது நன்றாக இருந்தது. கொரட்டூர் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு. அவர் பக்கத்தில் வந்தார். என்னைத் தாண்டி முன்னால் போனார். போகும்போது, "எல்லாக் காத்தையும் நீங்களே வெச்சுக்கிட்டா எப்படி சார்?" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

வருகிற தை மாதத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 62 வயது, கணக்கில் 158. அவரும் கொடுத்திருக்கிறார். ரிம்மை மாற்றிவிட்டார். ரசீதை மேஜையில் பார்த்துவிட்டு என் மனைவி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். "ஆவடியில ஒருத்தர்" என்றேன். "பேரு?" என்றாள். எண்தான் தெரியும், பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.